பத்தரைக் கம்ப்ரஷனுக்கு டேர்போ தாங்குமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். அவரிடம் இருப்பது கொரோலா 121, 1500 சிசி 1என்இஸட் எஞ்சின். புகைபோக்கி வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போ ஒன்று, கழித்தது, மலிவாகக் கிடைத்திருக்கிறதாம். 0.8 பார் பூஸ்ட், அதாவது அவ்வளவு கூடுதல் காற்றழுத்தம், வைக்கலாமா? பிஸ்டன் கலவையை நெருக்கும் மடங்கான கம்ப்ரஷனைக் குறைக்க, எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வரும் ஹெட் கேஸ்கட்டில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் போதும் என்று கராஜ் பாஸ் சொல்வது சரியா? சிவிக் 1.5 டேர்போவிலும் 10.6 கம்ப்ரஷன்தானே, அப்படியானால் என்னுடைய 10.5 ஏன் தாங்காது?

டேர்போ போடலாம், தம்பி. 0.8 வேண்டாம். கேஸ்கட் கதையை இன்றோடு மறந்துவிடுங்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் நம் ஊர்ப் பகல் வெயில் 35 பாகையைத் தொடும். அந்தக் காற்றை ஒரு பழைய டேர்போ 0.8 பாருக்கு அழுத்தினால், அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் அது 115 பாகை அளவில் எஞ்சினுக்குள் போகும். கொதிதண்ணீரை விடச் சூடு. அதைப் பிஸ்டன் இன்னும் பத்தரை மடங்கு நெருக்குகிறது. பிளக் பற்றவைத்த தீ மூலைக்குப் போய்ச் சேருமுன், அங்கே மிஞ்சிய கலவை தானாகவே வெடித்துவிடும். இதுதான் நொக்கிங். எஞ்சினைக் கொல்வது பூஸ்ட் அல்ல, இந்தத் தட்டல். ரிங் பள்ளங்களுக்கு இடையிலுள்ள விளிம்பு உடைந்த பிஸ்டன்களை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன். ஓட்டியவர்களில் பாதிப்பேர் சத்தமே கேட்கவில்லை என்றார்கள். ரேடியோவும் ஏசியும் போட்டு ஓட்டினால் எப்படிக் கேட்கும்?

சிவிக் ஒப்பீடு நல்ல கேள்வி. அதில் பெற்றோல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. அங்கேயே ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கிறது. உங்களுடையதில் பெற்றோல் சிலிண்டருக்கு வெளியே, காற்று உள்ளே போகும் வழியான போர்ட்டில் விழுகிறது, அந்தக் குளிர்ச்சியில் பெரும்பகுதி கிடைக்காது. 10.6-ம் 10.5-ம் எண்ணில்தான் பக்கத்தில் இருக்கின்றன.

அடுத்தது கேஸ்கட். 10.5-ஐ 9-க்கு இறக்க ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறக்குறைய 7.4 சிசி இடம் கூட வேண்டும். உங்கள் சிலிண்டரின் 75 மிமீ விட்டத்துக்கு அது சுமார் 1.7 மிமீ கூடுதல் தடிப்பு. பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டின் ஓரத்தோடு ஒட்டி நெருங்கி, கலவையை நடுவுக்குத் தள்ளிக் கலக்கும். அந்த இடைவெளியை இப்படி அகட்டினால் கலக்கல் போய்விடும், நொக்கிங்குக்கு வழி திறக்கும். ஹெட் உயர்ந்தால், வால்வு திறக்கும் நேரத்தைப் பிடித்துவைக்கும் டைமிங் செயினின் கணக்கும் பிசகும். கம்ப்ரஷனைக் குறைப்பதென்றால் பிஸ்டன் மாற்றுவதே முறை. அதற்குக் காசில்லையென்றால் கம்ப்ரஷனைத் தொடாமல் பூஸ்ட்டைக் குறையுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது 0.35 பார், மிஞ்சினால் 0.4. இன்டர்கூலர் கட்டாயம், நொக்கிங்கைக் கூடுதலாகத் தாங்கும் 95 ஒக்டேன் பெற்றோல் கட்டாயம். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம் என்பதற்காக 92 ஒக்டேன் நமக்குச் சலுகை தராது. 109 குதிரைவலு 140-ஐ ஒட்டி வரும், அந்தக் காருக்கு அது போதும். காசை முதலில் டியூனிங்குக்கு ஒதுக்குங்கள். காரின் பழைய எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரும் பெரிதாக வேண்டும், ஒன்று நிமிடத்துக்கு 300 சிசி அளவில் பார்க்கலாம். பூஸ்ட்டில் காற்று-பெற்றோல் விகிதம் 11.5 முதல் 12 வரை நிற்க வேண்டும். ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கும் (ஒரு பார் ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ) இக்னிஷனை, அதாவது பிளக் பற்றவைக்கும் தருணத்தை, எஞ்சின் சுழற்சியில் ஏறக்குறைய ஒரு பாகை பின்தள்ளி ஆரம்பித்து, அந்த விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டரையும் நொக் அளவையும் பார்த்துத்தான் முன்னே கொண்டுவர வேண்டும். கந்தளாய் றோட்டில் காதை மட்டும் நம்பி டியூன் செய்வதாகச் சொல்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். கார் ஓட்டோ கியர் என்றால் அந்தக் கியர்பெட்டி தாங்குமா என்றும் யோசியுங்கள். காப்புறுதிக்காரருக்கும் சொல்லிவிடுங்கள், புகைச் சோதனையும் இருக்கிறது.

வாங்கிய டேர்போவைப் பூட்டுமுன் ஒரு வேலை. பூஸ்ட் மிஞ்சாமல் புகையைத் திருப்பிவிடும் கதவுதான் வேஸ்ட்கேட்; அதைக் கம்பியால் இழுக்கும் அக்சுவேட்டரின் குழாயில் மீட்டர் உள்ள டயர் பம்பைச் செருகி மெதுவாக அடியுங்கள். கம்பி எத்தனை பாரில் அசையத் தொடங்குகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே எந்தப் பூஸ்ட் கன்ட்ரோலராலும் பூஸ்ட்டை இறக்க முடியாது. 0.8-ல்தான் அசைகிறதென்றால் ஸ்பிரிங்கை மாற்றாமல் பூட்ட வேண்டாம்.