பயிற்சி முடிந்தது, பையனைத் தனியே அனுப்பலாமா?

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் இளைஞர்கள் விபத்தில் சாகும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. பள்ளி, கல்லூரிகளில் ஓட்டுநர் பயிற்சியைக் கட்டாயப் பாடமாக்கி, படிப்பு முடிவதற்குள் எல்லோர் கையிலும் லைசென்ஸ் கொடுத்துவிட்டால் சாலைச் சாவுகள் அடியோடு ஒழிந்துவிடும். என் மகனுக்கு அடுத்த மாதம் 18 வயது நிறைகிறது. டிரைவிங் ஸ்கூலில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். லைசென்ஸ் வந்ததும் பைக் வாங்கித் தருவதாக வாக்கும் கொடுத்திருக்கிறேன். உங்கள் பத்திரிகை ஏன் இதை வலியுறுத்தி எழுதுவதில்லை?

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வலியுறுத்த மாட்டோம். உங்கள் பதற்றம் நியாயமானது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதனால்தான், பலன் தராது என்று தெரிந்த ஒரு வழியைப் பலன் தரும் என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

நீங்கள் சொல்வதை அமெரிக்காவில் செய்தே பார்த்துவிட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் கவுன்டியில், 1970-களின் இறுதியில், பள்ளி மாணவர்கள் சுமார் 16,000 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சுமார் 70 மணி நேர முழுப் பயிற்சி, இன்னொன்றுக்குச் சுருக்கமான பயிற்சி, மூன்றாவது பிரிவுக்குப் பள்ளியில் எதுவும் இல்லை. முழுப் பயிற்சி பெற்றவர்களிடம் முதல் சில மாதங்கள் சிறிய வித்தியாசம் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்துவிட்டது. அந்த 70 மணியில் வகுப்பறை உண்டு, ஓட்டும் அனுபவத்தைப் போலவே காட்டும் கருவி உண்டு, தனி மைதானம் உண்டு. உண்மையான சாலையில் ஓட்டியது மூன்று மணிக்குச் சற்று அதிகம். இரவில் ஓட்டியது இருபது நிமிடம்.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பும் பள்ளிகளில் தரும் ஓட்டுநர் பயிற்சியைப் பரிசீலித்தது. பயிற்சியால் விபத்து குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பயிற்சி பெற்ற பிள்ளைகள் சீக்கிரமே லைசென்ஸ் வாங்கிச் சாலைக்கு வந்துவிடுகிறார்கள் என்பதுதான் தெரிய வந்தது. அதாவது, ஆபத்தான வயதில் இன்னும் அதிகம் பேர் வண்டியில். அதே அமைப்புதான் ஹெல்மெட்டையும் ஆராய்ந்து, பைக் விபத்தில் சிக்குபவர் சாகும் வாய்ப்பை அது சுமார் 42 சதவீதம் குறைக்கிறது என்று சொன்னது. பயிற்சிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் இரண்டு நல்ல ஹெல்மெட் வாங்குங்கள். இரண்டாவது, பின்னால் உட்காருபவருக்கு.

நார்வே கதை இன்னும் கசப்பானது. வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் வித்தையைப் புதியவர்களுக்குக் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இளம் ஆண்களிடையே அதன் பிறகு அத்தகைய விபத்துகள் கூடின. வித்தை கைவந்துவிட்டது என்ற நினைப்பில் வேகத்தைக் குறைக்காமல் போனார்கள். ஏற்காட்டில் மழை விட்ட மாலையில், ஈரம் காயாத வளைவில் பைக்கைச் சாய்த்துத் திருப்பும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு ஓட்டத் தெரியாது என்று யாரால் சொல்ல முடியும்? நன்றாகத் தெரியும். எதிரே பஸ் வரும்போது அந்த வளைவில் தனக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது மட்டும்தான் தெரியாது.

அறிவு இருந்தால் போதும் என்பவர்கள் தொப்பூர் கணவாய்க்குப் போய்ப் பார்க்கட்டும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் லாரியை எந்தக் கியரும் போடாமல் நியூட்ரலில் விடுபவர் பத்து, இருபது வருட அனுபவசாலி. நியூட்ரலில் இறங்கினால் எஞ்சினின் பிடி போய்விடும், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயம் அவரை அப்படிச் செய்ய வைக்கிறது. ஆனால் இன்றைய எஞ்சின்களில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வது நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் ஓட டீசல் வேண்டும். இதைச் சொல்ல வேண்டியது ஓட்டுநரிடம் மட்டுமல்ல, மைலேஜ் கணக்குக் கேட்கும் முதலாளியிடமும்தான்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எந்தப் பயிற்சி என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி டிரைவிங் ஸ்கூலில் கார் பழகுபவர் 10 மணி நேரமாவது ஓட்டியிருக்க வேண்டும். நடப்பதைப் பாருங்கள். அதிகாலையில் ஆளில்லாத நேரான சாலை. பக்கத்தில் இருக்கும் மாஸ்டரின் காலடியில் இன்னொரு பிரேக்கும் கிளட்சும். பையன் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்திருக்கிறான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பைக்கில் எட்டு போட்டுக் காட்டுகிறான், லைசென்ஸ் வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஏற்காடு.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏதோ ஒரு வளைவின் நடுவில் முன்னால் போகும் பஸ் நிற்கிறது. மேலிருந்து ஒரு கார் வந்துவிட்டது. சரிவில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டத்தில் எழுதியிருக்கும் விதி. இறங்கி வந்தவருக்கு அது தெரியவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் காரில் நிற்கும் நம் பையன் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னோக்கி உருளுகிறது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சின் இழுக்கத் தொடங்கியதும் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். அதை அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கே, பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடிக்க, செய்து பார்க்கிறான். இறங்கும்போது வேறு ஆபத்து. அவன் போனது கியர் இல்லாத ஸ்கூட்டர் என்றால், அதில் எஞ்சினின் பிடி மிகக் குறைவு. இருபது வளைவுக்கும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிரம் கொதித்துவிடும். நடுவழியில் நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று அவனுக்குச் சொன்னது யார்?

2021-ல் மத்திய அரசு அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு விதி வகுத்தது. காருக்கு 29 மணி நேரம், அதில் 21 மணி ஓட்டிப் பழகுவது. மேடேறுவதும் சரிவில் இறங்குவதும் பாடத்திலேயே இருக்கின்றன. இது நல்ல பாடத்திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. சோதனையிலிருந்து விலக்கு கொடுத்ததை ஏற்க முடியாது. கற்றுக்கொடுத்துக் கட்டணம் வாங்கியவரே தேர்ச்சியும் கொடுப்பது சரியல்ல.

உயிரைக் காப்பாற்றியது எது என்பதற்கும் பதில் இருக்கிறது. ஸ்வீடன் 1993-ல் பழகத் தொடங்கும் வயதைப் பதினேழரையிலிருந்து 16 ஆகக் குறைத்தது. லைசென்ஸ் வயதைத் தொடவில்லை, அது 18 தான். அந்த இரண்டு வருடத்தைப் பயன்படுத்திக்கொண்ட பிள்ளைகள் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 120 மணி நேரம் ஓட்டினார்கள். அவர்களுக்கு விபத்து கணிசமாகக் குறைந்தது. நியூசிலாந்து 1987-லேயே லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கியது. நடுப்படியில் இருப்பவர் இரவு பத்து மணிக்கு மேல் தனியே ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொள்ளக் கூடாது. அங்கும் இளைஞர்கள் அடிபடுவது குறைந்தது. நம் ஊரில் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். ஆனால் 30 நாள் கழிந்தாலே சோதனைக்குப் போகலாம். எல்லோரும் முப்பத்தோராம் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இடைவெளியை நீட்டவும், முதல் வருடம் இரவு ஓட்டத்தைத் தடுக்கவும் சட்டம் வர வேண்டும் என்றுதான் இந்தப் பத்திரிகை வலியுறுத்தும்.

இன்னொன்று. உங்கள் மகன் இதற்கு முன் பைக் ஓட்டியதே இல்லையா? ஓட்டியிருந்தால், சாவி உங்கள் வீட்டிலிருந்துதான் போயிருக்கும். 2019-ல் திருத்திய சட்டம் 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரையோ உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. தெருமுனைக் கடைக்குத்தானே என்று சாவியைக் கொடுக்கும் அப்பாக்களுக்கு இது உறைப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: பைக் வாக்கை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். அவன் முகம் சுருங்கும், சுருங்கட்டும். எல்.எல்.ஆர். வந்ததும் உங்கள் காரில் அவன் பக்கத்தில் நீங்களே உட்காருங்கள். முதலில் நகரத்துக்கு வெளியே கூட்டமில்லாத சாலைகள், பிறகு மாலை நெரிசலில் ஐந்து ரோடு, பிறகு மழையில், பிறகு இருட்டிய பின். கை பழகிய பிறகு ஒரு வார நாளில் ஏற்காடு. ஏறும் கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், அந்தப் பக்கம் என்ன வரலாம் என்று அவனிடம் கேளுங்கள். சட்டம் 30 நாள் என்றால் நீங்கள் ஆறு மாதமும் உட்காருங்கள்.