மூன்று மாதத்துக்குள் மீண்டும் பாசிட்டிவ்: புதுத் தொற்றா, பழையதன் மிச்சமா?

கேள்வி: வயது 46. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். ஏழு வாரங்களுக்கு முன் கொரோனா வந்து முழுவதும் குணமானது. மூன்று நாட்களாக மறுபடியும் காய்ச்சல், தொண்டை வலி. ஆர்டி-பிசிஆர் எடுத்தேன், பாசிட்டிவ். இவ்வளவு சீக்கிரம் திரும்ப வருமா? வீட்டில் சர்க்கரை நோயுள்ள 72 வயது மாமியார் இருக்கிறார்.

பதில்: முதலில் மாமியாரின் பாதுகாப்பைப் பாருங்கள். புதுத் தொற்றா என்பது தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே தனி அறையில் படுங்கள். அவருக்குச் சாப்பாடு கொடுப்பதை வேறு யாராவது ஏற்கட்டும்; வெளியே வரும்போது என்95 முகக்கவசம் அணியுங்கள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அவருக்குக் காய்ச்சல் தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை அறிகுறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும்.

இனி உங்கள் பரிசோதனை. ஆர்டி-பிசிஆர் தேடுவது வைரஸின் மரபணுத் துணுக்குகளை. மீன் விற்றுத் தீர்ந்த கூடையில் செதில்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல, வைரஸ் அழிந்த பிறகும் அந்தத் துணுக்குகள் சிலரது மூக்கிலும் தொண்டையிலும் 90 நாட்கள்வரைகூடத் தங்கும். ஆகவே ஏழாவது வாரத்தில் வந்த பாசிட்டிவை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. இந்தக் காலகட்டத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் ரேபிட் ஆன்டிஜென் பரிசோதனையே பொருத்தமானது. காய்ச்சலோடு அதுவும் பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்றாகவே கருதுங்கள். நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுங்கள்.

சீக்கிரம் வருமா என்றால், வரும். 2020 ஆகஸ்டில் ஹாங்காங்கில் ஒருவருக்கு மறுதொற்று மரபணு ஒப்பீட்டால் முதன்முதலில் உறுதியானபோது, இரு தொற்றுகளுக்கும் நடுவே நான்கு மாதங்களுக்கு மேல் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) தன் ஆய்வில், மறுதொற்று என்று எண்ணக் குறைந்தது 102 நாட்கள் இடைவெளியை அளவாக வைத்தது. அது கணக்கெடுப்புக்கான வரையறை. அதுவரை உடம்புக்குப் பாதுகாப்பு உண்டு என்று அர்த்தமில்லை. ஒமிக்ரான் என்ற உருமாறிய வகை வந்த பிறகு அதைவிடக் குறைந்த இடைவெளியிலும் மறுதொற்றுகள் பதிவாகியுள்ளன.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பாசிட்டிவ் முடிவு கையில் இருப்பதால், எல்லாம் கொரோனாதான் என்று நீங்கள் இருந்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் டெங்குவும் எலிக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்குகின்றன. நாளைக் காலை அரசு மருத்துவமனையில் ரத்த அணுக்கள், தட்டணுக்கள், டெங்குவுக்கான என்.எஸ்.1 ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள், என்.எஸ்.1 முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகத் தெரியும். அதுவரை காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம். மூச்சுத் திணறல், ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்குவது, விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தக்கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் இரவானாலும் 108-ஐ அழையுங்கள்.