ஷூ லேஸ் கட்டத் தெரிந்தவருக்கு போ டை: கேள்வி பதில்

சார், அடுத்த மாதம் ரிசப்ஷன். கருப்பு சூட் தைக்கக் கொடுத்தாச்சு. போ டை (bow tie), கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி நிக்குமே, அது போடணும்னு ஆசை. கடையில எல்லாமே கட்டி வச்ச ரெடிமேடாத்தான் இருக்கு. கட்டுற டை வாங்கினா கத்துக்க முடியுமா? (மாப்பிள்ளை, திருச்சி)

முடியும். மூன்று சாயங்காலம் போதும். ஷூ லேஸுக்குப் போடுவீர்களே, அதே முடிச்சுதான் இது. லேஸ் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, டை தாடைக்குக் கீழே ஒளிந்துகொள்கிறது. கஷ்டம் அவ்வளவுதான்.

முதல் நாள் கழுத்தில் கட்டாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையில் கட்டிப் பாருங்கள். அங்கே சுற்றளவு ஏறக்குறைய கழுத்தளவு இருக்கும், கண்ணுக்கும் நேராகத் தெரியும். பத்துத் தடவை கட்டினால் கைக்குப் பிடிபட்டுவிடும். பிறகு கழுத்தில், கண்ணாடி இல்லாமல். கண்ணாடியைப் பார்த்துக் கற்பவர்களுக்குத்தான் இடம் வலம் குழம்பும். கண்ணாடி கடைசியில் சரிபார்க்க மட்டும்.

இனி முடிச்சு. இடம், வலம் எல்லாம் உங்கள் இடம், வலம். டையைக் கழுத்தில் போட்டு இடது முனையை ஒன்றரை அங்குலம் நீளமாகத் தொங்க விடுங்கள். நீள முனையைக் குட்டை முனையின் மேலாகக் குறுக்கே கொண்டுபோய், அடியில் நுழைத்து மேலே இழுத்து, காலரோடு ஒட்ட இறுக்குங்கள். நீள முனையைத் தோளில் போட்டுவிடுங்கள். குட்டை முனை இப்போது இடப்பக்கம் இருக்கும். அதன் அகலமான இடத்தில் மடித்து, காலர் பட்டனுக்கு நேரே படுக்கையாகப் பிடியுங்கள். மடிப்பு இடப்பக்கம், நுனி வலப்பக்கம், குறுகிய இடுப்பு நடுவில் வர வேண்டும். முன் இறக்கை ஆயிற்று.

தோளில் கிடக்கும் நீள முனையை அந்த இடுப்பின் மேலாக நேரே கீழே விடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தோற்பது இதற்கு அடுத்த இடத்தில்தான். முன் இறக்கையின் பின்னால், முதல் முடிச்சுக்கு முன்னால், ஒரு சின்னச் சந்து இருக்கும். இடது ஆள்காட்டி விரலை விட்டுத் தேடினால் தட்டுப்படும். நீள முனையையும் அகலமான இடத்தில் மடித்து, அந்த மடிப்பை இடமிருந்து வலமாகச் சந்துக்குள் தள்ளுங்கள். நுனியைத் தள்ளக்கூடாது, மடிப்பை மட்டும். அது வலப்பக்கம், முன் இறக்கையின் நுனிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும்.

இறுக்க வேண்டுமானால் இரண்டு மடிப்புகளையும் எதிரெதிரே இழுங்கள். நுனிகளை இழுத்தால் அவிழும். இந்த ஒன்றை மறந்து நுனியைப் பிடித்து இழுத்துவிட்டு, "டை சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு.

கட்டி முடிச்சா டை படுக்காம நேரா நிக்குது, கடிகார முள் மாதிரி. என்ன தப்பு அண்ணா?

இரண்டு முடிச்சுகளும் ஒரே திசையில் விழுந்திருக்கின்றன. சாரணர் படையில் ரீஃப் முடிச்சு போட்டிருந்தால் உடனே புரியும்: முதல் தடவை இடது மேலே போனால் அடுத்த தடவை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் முடிச்சு தானாகவே திரும்பிக்கொள்ளும். காலில் லேஸ் எப்போதும் குறுக்காக விழாமல் நெடுக்காக விழுகிறது என்றால் அங்கேயும் இதே தப்புதான். முதல் குறுக்கை மாற்றிப் போடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

கொஞ்சம் சாய்வது வேறு விஷயம். ஒரு பக்க மடிப்பு பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். மடிப்பையும் எதிர்ப்பக்க நுனியையும் மாற்றி மாற்றி கால் அங்குலம் நகர்த்தினால் சரியாகிவிடும். முழுக்க நேராக்கிவிடாதீர்கள். அளவெடுத்த மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் ரெடிமேட் போலத் தோன்றும்; இவ்வளவு பாடுபட்டது வீண்.

டையில 14, 14½, 15 என்று எண் போட்டு ஒரு கொக்கி இருக்கு. என் சட்டை 40. எந்த எண்ணில் மாட்டுறது?

ஃபார்மல் சட்டையில் 39, 40, 42 என்று போட்டிருப்பது காலர் சுற்றளவு, சென்டிமீட்டரில். 2.54-ஆல் வகுத்தால் அங்குலம். 40 என்பது 15¾. கொக்கியை 15½-இலோ 16-இலோ மாட்டுங்கள். கட்டிப் பார்த்து இறக்கைகள் பெரிதாக வந்தால் அரை எண் குறையுங்கள், சிறிதாக வந்தால் கூட்டுங்கள். கொக்கி கழுத்தளவுக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அது தீர்மானிப்பது இறக்கையின் அளவை. எண்ணைக் கூட்டினால் டை நீளும், கழுத்தைச் சுற்றியது போக மிச்சமெல்லாம் இறக்கைக்குப் போகும்.

சட்டையின் மேல் பட்டன் கஷ்டப்படாமல் பூட்ட வேண்டும், இது முதல் நிபந்தனை. நீள டைக்குப் பின்னால் திறந்த பட்டனை ஒளிக்கலாம், போ டையால் ஒளிக்க முடியாது.

முகம் உருண்டை, கழுத்து குட்டை. எந்த மாதிரி டை எடுக்கலாம்?

கட்டி முடித்த டையின் ஓரம் உங்கள் கண்ணின் வெளி ஓரத்துக்கும் தாடை ஓரத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். தாடை ஓரத்தைத் தாண்டினால் சர்க்கஸ். கண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டால் பள்ளி ஆண்டு விழா.

உயரத்தில் மூன்று வகை போதும். பேட்விங் இரண்டு அங்குலத்துக்குள், இரண்டு பக்கமும் நேராக இருக்கும். பட்டர்ஃபிளை இரண்டேகால் அங்குலத்தில் தொடங்கி மேலே போகும், நுனி விரியும். நடுவே அரை பட்டர்ஃபிளை. ஒல்லி முகத்துக்குப் பேட்விங் பொருந்தும். அதையே பெரிய முகத்தில் வைத்தால் நாடாத்துண்டு போலக் காணாமல் போகும். உங்களுக்கு இரண்டரை அங்குல பட்டர்ஃபிளை. அடர்ந்த தாடி உள்ளவர்களும் இதையே எடுக்கலாம். நுனி அம்பு மாதிரி கூராக இருக்கும் டயமண்ட் வகை அழகுதான், முதல் டைக்கு வேண்டாம்: நுனிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அப்பட்டமாகத் தெரியும்.

போ டை போட்டா ஹோட்டல் சர்வர்னு கிண்டல் பண்றாங்களே?

பண்ணுவார்கள். சர்வர் சீருடையில் இருப்பது பாலியெஸ்டரில் அச்சு வைத்த மாதிரி கட்டிய ரெடிமேட் டை. வித்தியாசம் முடிச்சில் தெரியும், துணியில் இன்னும் தெரியும். டின்னர் ஜாக்கெட் எனும் இரவு விருந்துக் கோட் என்றால், மார்பில் மடிந்து கிடக்கும் அதன் லேப்பலில் போட்டிருக்கும் பட்டும் டையின் பட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்: சாட்டின் லேப்பலுக்கு சாட்டின் டை, வரிவரியான குரோக்ரெயின் லேப்பலுக்கு அதே குரோக்ரெயின் அல்லது பளபளப்பில்லாத பரதியா. சாட்டின் வழுக்கும், முடிச்சு சாப்பாட்டுக்கு முன்னாலேயே தளரும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு பரதியாதான் நல்லது, துணியைத் துணி பிடித்துக்கொள்ளும்.

சாதாரணக் கருப்பு சூட்டுக்குக் கருப்பு போ டை போட்டால்தான் அந்தக் கிண்டலுக்கு இடம் வரும். அங்கே கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போடுங்கள். சர்ச்சிலின் கழுத்தில் எப்போதும் இருந்தது அதுதான், அவரை யாரும் காபி கொண்டு வரச் சொல்லவில்லை.

லண்டனில் படிக்கிறேன். ஒரு அழைப்பிதழில் பிளாக் டை, இன்னொன்றில் ஒயிட் டை. நிறம்தான் வித்தியாசமா?

முழு உடையே வேறு. பிளாக் டை என்றால் டின்னர் ஜாக்கெட், கருப்பு போ டை. நீள டை அல்ல. ஒயிட் டை அதற்கும் மேல்படி: பின்னால் வால் வைத்த கோட், வெள்ளை வெயிஸ்ட்கோட், நுனி மடங்கி நிற்கும் விங் காலர், மார்செல்லா எனும் புடைப்பு நெசவுப் பருத்தியில் வெள்ளை போ டை. டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் நோபல் வாங்குபவர்கள் போடுவது இது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியல் பரிசு வாங்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உடை புரியும். தேசிய உடைக்கும் அங்கே இடம் உண்டு.

விங் காலரின் நுனிகள் டைக்குப் பின்னால் போக வேண்டும். அந்தக் காலர் பட்டையை மறைக்காது, அதனால் பக்கவாட்டில் கொக்கி பல்லிளிக்கும். கொக்கி இல்லாமல் உங்கள் கழுத்தளவுக்கே தைத்த டை வாங்குங்கள். வால் கோட்டுக்குக் கருப்பு டை கட்டிவிடாதீர்கள், அது பழைய வழக்கப்படி பரிமாறுபவரின் உடை.

அக்கா ஒருத்தங்க காஞ்சிப் பட்டுல போ டை தைச்சுக் கேக்குறாங்க, புடவைக்கு மேட்சா. நான் பிளவுஸ்தான் தைப்பேன். எவ்வளவு துணி, எப்படி? (தையல்காரர், ஆரணி)

உங்கள் கைக்கு இது சுலபம், அளவு மட்டும் சொல்கிறேன். முழு நீளம் கழுத்தளவோடு சுமார் 18 அங்குலம். 15½ கழுத்துக்கு 33½. இரண்டு பாதியாகத் தைத்து பின்கழுத்தில் சேர்க்கலாம். ஒவ்வொரு பாதிக்கும் முன், பின் இரண்டு துண்டு, ஆக நான்கு. ஒரு துண்டு 20 அங்குல நீளம், மூன்றரை அகலம். நான்கு துண்டையும் அதிலேயே வெட்டினால் 80 சென்டிமீட்டர் பிளவுஸ் பிட்டில் நான்கு டை வரும். கரையை ஒதுக்கினால் மூன்று.

தைத்து முடித்த பட்டை முக்கால் அங்குலம். நுனியில் விரிவு இரண்டரை, நடுவில் இடுப்பு ஒன்றேகால், அதற்கு உள்ளே மறுபடி இரண்டேகால் வரை விரிந்து பட்டையில் போய்ச் சேர வேண்டும். இடுப்பை அகலமாக விட்டால் முடிச்சு கை முட்டி மாதிரி புடைக்கும், இது புதிதாகத் தைப்பவர்கள் எல்லாரும் செய்வது.

காஞ்சிப் பட்டு கனம். முடிச்சில் அது பல மடங்காக அடுக்கப்படும், எனவே காஞ்சிப் பட்டை முன்பக்கம் மட்டும் வையுங்கள். பின்பக்கத்துக்கு அதே நிறத்தில் மெல்லிய சில்க். கட்டும்போது பின்பக்கமும் அங்கங்கே தெரியும், ஆகையால் பழைய லைனிங் துணி ஆகாது. உள்ளே ஒட்டும் பேஸ்டிங் துணி மெல்லியதாக, ஒரு பக்கம் மட்டும். காலருக்குப் போடும் பக்ரம் வேண்டவே வேண்டாம்.

நல்ல பக்கம் உள்ளே வைத்து கால் அங்குலம் விட்டு, பொடித் தையலாக ஓட்டுங்கள்; பட்டு பிரியும். பட்டையில் இரண்டு அங்குலம் திறந்து விடுங்கள். உள்வளைவுகளில் தையல் வரை போகாமல் சிறுசிறு வெட்டு, மூலைகளில் துணியைச் சரித்து வெட்டுவது, இரண்டையும் விட்டால் திருப்பியதும் வளைவு சுருங்கும். மழுங்கின பின்னல் ஊசியால் மூலையைத் தள்ளுங்கள், கத்திரி முனையால் தள்ளினால் ஓட்டைதான்.

சரிகையை மடிப்பு விழும் இடத்தில் வைக்காதீர்கள், நாலு தடவை கட்டினதும் உடையும், காலரையும் உரசும். நுனியில் ஒரு புட்டா வந்து உட்கார்ந்தால் அழகு. அளவுக் கொக்கி கிடைக்காவிட்டால் தட்டையான பேண்ட் கொக்கி ஒன்றும், அரை அங்குல இடைவெளியில் மூன்று கண்ணும் வைத்துவிடலாம். அதற்கு ஓரிரு அங்குலம் கூடுதலாக வேண்டும். 20 அங்குலத் துண்டில் அதற்கு இடம் இருக்கிறது.

சட்டக் கல்லூரி மாணவன். வக்கீல்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டைக்குப் (பேண்ட்) பதிலா வெள்ளை போ டை?

கூடாது தம்பி. அது வேறு, இது வேறு.

மருத்துவர்கள் ஏன் போ டையை விரும்புகிறார்கள்?

குனியும்போது நோயாளியின் மேல் தொங்காது என்பதற்காக. இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007-இல் வெளியிட்ட வழிகாட்டலில், நோயாளியைப் பார்க்கும்போது நீள டை வேண்டாம் என்றே சொன்னது. நீள டையைத் துவைப்பவர் அரிது, அது எங்கும் உரசும். போ டை உரசாது, அதற்காக அது சுத்தம் என்று ஆகிவிடாது. வார்டுக்குப் போடுபவர்கள் துவைக்கக்கூடிய பருத்தியில் நாலைந்து வைத்துக்கொள்ளட்டும். வரைபலகை மேல் குனியும் கட்டடக் கலைஞர்களுக்கும் இது வசதி. வால்ட்டர் குரோப்பியஸ், லெ கொர்புசியே இருவரும் போ டைக்காரர்கள். சாம்பார் வாளிக்கு முன்னால் உட்காரும் நம் ஆட்களுக்கும் இதே காரணம் பொருந்தும்.

மூணு வயசுப் பையனுக்கு?

காலரில் செருகும் கிளிப். கழுத்தைச் சுற்றும் எலாஸ்டிக் வேண்டாம், எங்காவது மாட்டி இழுக்கும். கல், முத்து ஒட்டினதும் வேண்டாம், வாயில் போடுவான்.

சென்னைப் புழுக்கத்தில் பட்டு டை என்ன ஆகும்? சாப்பாட்டுக் கறை பட்டால்?

மே மாதத்தில் பட்டை ஏசி மண்டபத்துக்கு வைத்துக்கொண்டு, மற்ற இடத்துக்குப் பருத்தி போடுங்கள். அமெரிக்கர்கள் கோடையில் விரும்பிக் கட்டும் பல நிறக் கட்டம் போட்ட பருத்தி போ டையின் துணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'மெட்ராஸ்'. ஊர்ப் பெயரைச் சுமந்த துணியை ஊரில் கட்டுபவரைத்தான் காணோம். சாயம் போகும் ரகமாக இருந்தால் தனியாக, குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

பட்டில் எண்ணெய் பட்டால் தண்ணீர் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். எண்ணெய்க் கறையோடு தண்ணீர் வட்டமும் சேரும். டால்கம் பவுடரைத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் மென்மையாகத் தட்டுங்கள். போகாவிட்டால் டிரை கிளீனிங். இஸ்திரி என்றால் மிதமான சூட்டில், மேலே ஒரு வெள்ளைப் பருத்தித் துணி போட்டு.

விழா முடிந்ததும் கட்டியபடியே கழற்றி அலமாரியில் தொங்க விடுவது வழக்கமாக இருக்கிறது. வியர்வை உள்ளேயே தங்கி, மடிப்புக் கோடு நிரந்தரமாகிவிடும். இரண்டு நுனிகளையும் பிடித்து மெதுவாக இழுங்கள், அவிழும். கொக்கியைக் கழற்றி, ஓர் இரவு நிழலில் விரித்து வைத்துவிட்டு, மறுநாள் தட்டையாக மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.