மூன்று வயதுப் பிள்ளையோடு பிசினஸ் கிளாஸ்: போகும்போது ஏறினேன், வரும்போது ஏறவில்லை

"சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு பிசினஸ் கிளாஸில் போவது, கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்பது கேள்வி. பிசினஸ், எகானமி இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

மகளுக்கு அப்போது மூன்றே கால் வயது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. டாலஸிலிருந்து தோஹா வழியாகச் சென்னை, அப்புறம் ரயிலில் பாளையங்கோட்டை, நானும் அவளும் மட்டும். போகும்போது பிசினஸ். ஆறு வாரம் கழித்துத் திரும்பும்போது எகானமி. அதே வழி, அதே பிள்ளை.

முதலில் காசு. நான் காசு கொடுத்து வாங்கவில்லை. கிரெடிட் கார்டில் மூன்று வருடம் சேர்த்த மைல்கள், அதாவது காசுக்குப் பதில் கொடுத்து விமான டிக்கெட் எடுக்கக்கூடிய பாயின்ட்கள். ஒரு வழிக்கு ஆளுக்கு 70,000 மைலும் கொஞ்சம் வரியும். இரண்டு வயது முடிந்துவிட்டால் குழந்தைக்கும் தனி சீட் கட்டாயம், மைலில் எடுத்தால் பெரும்பாலும் சலுகையும் கிடையாது. பதினான்கு கிலோ எடையுள்ள என் மகளுக்கும் முழு 70,000 போனது. அதே டிக்கெட்டைக் காசுக்கு எடுத்திருந்தால் என்ன விலை என்று ஒருமுறை பார்த்தேன், உடனே மூடிவிட்டேன். சொந்தக் காசு என்றால் நான் எடுத்திருக்க மாட்டேன். மீதியைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றால் கணக்கு வேறு. மடியில் வைத்துக்கொண்டு போகலாம், சர்வதேச விமானங்களில் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம். இதில் ஒரு குழி இருக்கிறது. நீங்கள் மைலில் டிக்கெட் எடுத்திருந்தாலும், பல நிறுவனங்கள் அந்தப் பத்து சதவீதத்தைக் காசு விலையிலிருந்துதான் கணக்கிடும். பிசினஸ் விலை நாலாயிரம் டாலர் என்றால் மடிக்குழந்தைக்கு நானூறு. ஏர் கனடாவின் ஏரோபிளான் மாதிரி சிறு தொகையோடு விட்டுவிடுகிற மைல் திட்டங்களும் உண்டு. பதிவு செய்வதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, ஊரில் இருக்கும்போது இரண்டாவது பிறந்தநாள் வந்தால் திரும்பி வருவதற்குத் தனி சீட் வாங்க வேண்டும்.

சரி, விமானத்துக்குள் வருவோம்.

பிசினஸ் கிளாஸ் சீட் என்பது தனியாக வரும் ஒரு பெரிய மனிதரை மற்றவர்களிடமிருந்து மறைத்து வைப்பதற்காகச் செய்தது. அம்மாவும் பிள்ளையும் அதைச் செய்தவர் கணக்கிலேயே இல்லை. இன்றைக்குப் பல விமானங்களில் 1-2-1 வரிசை. ஜன்னலோரம் ஒற்றை சீட், நடுவில் இரண்டு. "பாப்பா ஜன்னலில் மேகம் பார்ப்பாள்" என்று ஆளுக்கொரு ஜன்னல் சீட் எடுத்துவிடாதீர்கள். பெல்ட் விளக்கு எரியும்போது நீங்கள் எழுந்து அவளிடம் போக முடியாது. நடு ஜோடிதான் வேண்டும். அதிலும் சில விமானங்களில் நடு ஜோடி சீட்டுகள் ஒன்றையொன்று பார்க்காமல் முகம் திருப்பிக்கொண்டு இருக்கும், சண்டை போட்ட தம்பதி மாதிரி. நாங்கள் போன விமானத்தில் நடுவில் பின்பக்கம் பார்த்த சீட் ஜோடி, இடைத்தடுப்பை இறக்கினால் இரண்டும் சேர்ந்து ஒரே கட்டில். சீட் வரைபடத்தை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்து அதைப் பிடித்தேன். வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் பழசு என்று குறை சொல்லும் 2-3-2 வரிசை பிசினஸ்தான் குழந்தையோடு போகிறவர்களுக்கு வசதி. நடுவில் சுவர் கிடையாது, கை நீட்டினால் பிள்ளை. கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றிவிடுவதும் உண்டு என்பதால், கிளம்புவதற்கு முந்தின வாரம் மறுபடி ஒருமுறை சீட்டைப் பாருங்கள்.

டாலஸிலிருந்து தோஹா பதினான்கரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். முதல் இரண்டு மணி நேரம் மகளுக்குத் திருவிழா. சீட்டை நகர்த்தும் பட்டன்கள் எல்லாம் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. கட்டில் ஆனது, நாற்காலி ஆனது, மறுபடி கட்டில் ஆனது. ஒவ்வொரு சீட்டுக்கும் இருக்கிற சறுக்குக் கதவைத் திறந்து மூடி "ஆச்சி வீடு வந்தாச்சா" என்று போகிற வருகிறவர்களைக் கேட்டாள். நான் அந்த இரண்டு மணி நேரமும் வியர்த்துக்கொண்டிருந்தேன். எகானமியில் ஒரு பிள்ளை கத்தினால் பத்தோடு பதினொன்று. இங்கே முப்பது நாற்பது பேர், அத்தனை பேரும் தூங்குவதற்கென்றே பெரும்பணம் கொடுத்தவர்கள், சத்தமே இல்லாத இடம். அவள் சிரித்தால்கூட எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாப்பாடு நான் செய்த தப்பு. குழந்தைச் சாப்பாட்டை ஒரு நாள் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும், நான் மறந்துவிட்டேன். பெரியவர்களுக்கான தட்டுகள் ஒவ்வொன்றாக, மேசை விரிப்போடு, மெழுகுவர்த்தி மாதிரி ஒரு விளக்கோடு, நிதானமாக வந்தன. அவளுக்கு அந்த நிதானம் கிடையாது. நல்லவேளையாக மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி எட்டு, சம்படத்தில் இருந்தது. வெள்ளை மேசை விரிப்பில் இட்லிப் பொடி விழுந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். (பால், கூழ் மாதிரி குழந்தை ஆகாரங்களுக்கு அமெரிக்க விமான நிலையச் சோதனையில் திரவங்களுக்கான அந்த 100 மில்லி கட்டுப்பாடு இல்லை, தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.)

அப்புறம் கட்டிலைப் போட்டேன். 70,000 மைல் கொடுத்து வாங்கிய அவள் கட்டிலில் அவள் படுக்கவில்லை. என் பக்கம் வந்து, வீட்டில் படுக்கிற மாதிரியே என் கழுத்தில் காலைப் போட்டுத் தூங்கினாள். அவளுடைய இடத்தில் அவள் கரடி பொம்மை போர்வை போர்த்திப் படுத்திருந்தது. ஆனால் தூங்கினாள், நானும் தூங்கினேன். விட்டு விட்டு ஐந்து மணி நேரம், ஆறரை அடி நீளத்தில், நேராக. பிள்ளை பிறந்த பிறகு விமானத்தில் நான் கண்ணை மூடியது அதுதான் முதல் தடவை. என்னைக் கேட்டால் அந்த மைலெல்லாம் இந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான். மற்றதெல்லாம் சும்மா.

தோஹாவில் பிசினஸ் பயணிகள் காத்திருக்கும் லவுஞ்ச் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், குளித்து உடை மாற்றியது சுகம். மகளுக்கு அதைவிடப் பெரிய விஷயம், தோஹாவின் ஹமத் விமான நிலையத்தின் நடுவில், தலைக்கு மேல் விளக்கோடு உட்கார்ந்திருக்கும் அந்த ஏழு மீட்டர் மஞ்சள் கரடி. பிள்ளைகள் ஏறி விளையாடுகிற மாதிரி வெண்கலச் சிற்பங்களும் இருக்கின்றன. இதற்கெல்லாம் எந்தக் கிளாஸ் டிக்கெட்டும் வேண்டாம்.

பெட்டிக் கணக்கையும் விடக்கூடாது, நம் ஆட்களுக்கு அது முக்கியம். அமெரிக்க வழித்தடத்தில் எங்களுக்கு எகானமியில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு, பிசினஸில் 32 கிலோவில் இரண்டு. பிள்ளைக்கும் அதே. மொத்தம் 128 கிலோ. யார் தூக்குவது என்று நான் யோசிக்கவில்லை. சென்னையில் இறங்கி ஒரு கையில் வண்டியும் இன்னொரு கையில் தூங்கிப்போன பிள்ளையுமாக நின்றபோதுதான் யோசித்தேன்.

எத்தனை சொகுசாகப் போனாலும் நேர வித்தியாசத்தை ஒன்றும் செய்ய முடியாது. கோடையில் டாலஸுக்கும் நமக்கும் பத்தரை மணி நேரம். அன்று இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினோம். மகளுக்கு அது காலைப் பொழுது. விழுப்புரம், திருச்சி, மதுரை, ஒன்றையும் விடாமல் விழித்திருந்து பெர்த் ஏணியில் ஏறி இறங்கினாள். பிசினஸ் கிளாஸில் மிச்சம் பிடித்த தூக்கம் மணியாச்சி வருவதற்குள் செலவாகிவிட்டது.

திரும்பும் பயணம். மீனம்பாக்கத்தில் விடியற்காலை விமானம், அதாவது ராத்திரி முழுக்கத் தூக்கம் போச்சு. கவுன்டரில் பெட்டியைப் பிரித்து மாவடு ஊறுகாயையும் ஒரு மூட்டை வடகத்தையும் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தேன். தோஹாவிலிருந்து டாலஸ் எதிர்க்காற்றில் பதினாறு மணி நேரத்தை ஒட்டி இழுக்கும். மூன்று சீட் வரிசையில் ஜன்னலில் மகள், நடுவில் நான், ஓரத்தில் தன் மகளுடைய பிரசவத்துக்காக முதல்முறை அமெரிக்கா போகும் ஒரு அம்மா. மதுரைப் பக்கம். உட்கார்ந்த பத்தாவது நிமிடம் "கொடு தாயி, நீ செத்த கண்ண மூடு" என்று மகளை வாங்கிக்கொண்டார். நரியும் காக்காவும் கதை, கை நொடித்துப் பாட்டு, அப்புறம் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பனங்கற்கண்டு. பின்வரிசையில் இன்னும் இரண்டு தாத்தா பாட்டிகள் இருந்தார்கள், அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மகள் ஏழு மணி நேரம் தூங்கினாள், தலை என் மடியில், கால் அந்த அம்மா மடியில். நான் ஒரு நிமிடமும் தூங்கவில்லை, இடுப்பு விட்டுப்போனது. ஆனால் போகும்போது இருந்த பயம் இல்லை. கழிப்பறைக்குப் போகப் பிள்ளையை ஒருவரிடம் விட்டுப் போக முடிந்தது. பிசினஸில் அதற்குப் பணிப்பெண்ணைத் தேட வேண்டியிருந்தது, அத்தனை கதவுகளும் மூடியிருந்தன.

ஆக, என் பதில் இது. தனியாகப் பிள்ளையோடு போகிறீர்கள், பிள்ளைக்கு இரண்டிலிருந்து நான்கு வயது, கையில் மைல் இருக்கிறது, ஒட்டிய நடு ஜோடி சீட் கிடைக்கிறது என்றால் எடுங்கள், அதுவும் நீண்ட பறப்புக்கு மட்டும். தோஹா-சென்னை நாலரை மணி நேரத்துக்கு வீண். பத்துக் கிலோவுக்குள் இருக்கும் கைக்குழந்தை என்றால் எகானமியில் முன்சுவர் வரிசையில் தொட்டில் மாட்டித் தருவார்கள், முன்பே கேட்டு வையுங்கள். ஐந்து வயதுக்கு மேல் திரையில் கார்ட்டூன் ஓடினால் எந்த சீட்டும் அவர்களுக்கு ஒன்றுதான். இரண்டு பெரியவர்கள் போகிறீர்கள் என்றால் பிசினஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம், மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் முன்னால் போய்ப் படுத்துக்கொண்டு மற்றவரைப் பிள்ளையோடு பின்னால் விடுகிற கணவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

தூங்க வைப்பதற்கென்று சளி மருந்து கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் ஆட்டத்தைக் கூட்டிவிடும் என்று எங்கள் டாக்டர் எச்சரித்திருந்தார்.

டாலஸில் இறங்கும்போது அந்த அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. கையில் பிடித்துக்கொண்டே வெறுங்காலோடு நடந்தார். என்னிடம் இப்போது அறுபதாயிரம் மைல் இருக்கிறது. இந்த டிசம்பரில் கணவரும் வருகிறார், எகானமியில் மூன்று சீட் போட்டாயிற்று. மைலைத் தொடவில்லை. இன்னும் பத்தாயிரம் சேர்ந்தால் அடுத்த கோடையில் எங்கள் அம்மா இங்கே வரும்போது அவளுக்கு எடுப்பதாக இருக்கிறேன். இப்போதைக்கு "எதுக்குடி எனக்கு அதெல்லாம்" என்கிறாள்.