‘பேஜ் பார்க்கிறது’ ஒரு வேலையா? மகளுக்காகக் கேட்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உயர்தரத்தில் வணிகப் பிரிவு எடுத்த மகளுக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. கிளிநொச்சிக் கடைகளுக்குப் பேஸ்புக் ‘பேஜ்’ பார்த்துக் கொடுக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். கொழும்பில் ஓர் இடம் இதற்கான ஆறு மாத ஒன்லைன் வகுப்புக்குப் பெரிய காசு கேட்கிறது. தகப்பனோ அரசாங்க வேலைக்குப் படி என்கிறார். இதில் என்ன செய்வது என்பதுதான் நீங்கள் கேட்டது. அந்தக் காசை இப்போது கட்டாதீர்கள். பிள்ளையை மறிக்கவும் வேண்டாம். ஒரு கடையை மூன்று மாதம் பார்க்க விடுங்கள். அரசாங்க வேலைகளுக்கு விண்ணப்பம் கோரும்போது போடட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

வடிவான படம் போடுவதும் பாட்டோடு ரீல் போடுவதும்தான் இந்த வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். அது வேலையில் கால்வாசி. கடைக்குக் காசு வருவது பதில் சொல்வதில். உடுப்புக் கடை ஒன்று சல்வார் படம் போடுகிறது. கீழே ஒருவர் ‘விலை என்ன?’ என்று கேட்கிறார். கடை ‘இன்பொக்ஸ் வாங்கோ’ என்று எழுதுகிறது. நம் பக்கத்துப் பேஜ்களில் பாதி இப்படித்தான் நடக்கிறது, பெரும்பாலும் அங்கேதான் வியாபாரம் கெடுகிறது. கேட்டவர் ஒருவர் என்றால் கேட்காமல் வாசித்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் இன்பொக்ஸுக்கு வரமாட்டார்கள். ஆளுக்கொரு விலை சொல்லுகிற கடையோ என்ற சந்தேகமும் வரும். ஆகவே விலை, அளவு, எந்த நிறம் கையிருப்பில், அனுப்புகிற செலவு ஆகிய நான்கையும் போஸ்டிலேயே எழுத வேண்டும். அப்படியும் கேட்டால் கொமென்டிலேயே சொல்ல வேண்டும். கேக் அடித்துக் கொடுப்பவருக்கு விலை அலங்காரத்தைப் பொறுத்து மாறும். அவர் 1 கிலோ பட்டர் கேக்கின் தொடக்க விலையை வெளியில் போட்டு, ‘அலங்காரத்துக்கு மேலதிகம், படம் அனுப்பினால் சொல்லுவோம்’ என்று எழுதலாம்.

அடுத்தது நேரம். கேட்டவர் கையில் போன் இருக்கும்போதே பதில் போனால்தான் ஓடர் ஆகும். மறுநாள் போகிற பதிலுக்கு, ‘வாங்கிட்டேன்’ என்ற பதில்தான் வரும். வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் இதற்கு வசதிகள் உண்டு, காசு இல்லை. கடை பூட்டியிருக்கும்போது தானாகப் போகிற செய்தியை அமைக்கலாம். ‘விரைவில் தொடர்பு கொள்வோம்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘கடை காலை 9 மணிக்குத் திறக்கும், 10 மணிக்குள் பதில் வரும், அவசர ஓடர் என்றால் திகதியையும் ஊரையும் எழுதி விடுங்கோ’ என்று எழுதினால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். அடிக்கடி வருகிற கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே சேமித்து வைத்து, சாய்கோட்டை (/) அழுத்தி எடுக்கலாம். ஆனால் ஒரே பதிலை எல்லாருக்கும் ஒட்டினால் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். முன்னால் ‘ஓம் அக்கா, அந்த மெறூன் நிறம் இருக்கு’ என்று ஒரு வரியை அந்தக் கேள்விக்கென்றே எழுத வேண்டும். ஓடர்களுக்கு லேபிள் போடப் பழக வேண்டும்: புதியது, காசு வரவில்லை, காசு வந்தது, அனுப்பியாச்சு. இது இல்லாமல் தைப்பொங்கல் வாரத்தில் எந்தப் பார்சலுக்குக் காசு வந்தது என்று தேடித்தான் பொழுது போகும்.

புதுச் சாமான் வந்ததை ஒரே தடவையில் பலருக்குச் சொல்ல, அதே செயலியில் பட்டியல் ஒன்றை வைக்கலாம். ஒரு பட்டியலில் 256 பேர். இதில் பலர் அகப்பட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: கடை இலக்கத்தைத் தங்கள் போனில் சேமிக்காதவர்களுக்கு அந்தச் செய்தி போகாது. அனுப்பியவருக்கு அது தெரியாமலே இருக்கும். முதல் பார்சல் கொடுக்கிறபோதே இலக்கத்தைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். கிழமைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் அனுப்பவும் கூடாது. காலை வணக்கப் படங்கள் அனுப்பினால் ஆட்கள் புளொக் பண்ணுவார்கள், பலர் முறையிட்டால் இலக்கமே முடங்கும்.

குறை சொல்லி வருகிற கொமென்டில்தான் பிள்ளையின் பக்குவம் தெரியும். ‘கழுவினவுடன் சாயம் போயிட்டுது’ என்று ஒருவர் எழுதினால், முதலாளி ‘அழி’ என்பார். அழித்தால் அவர் தன் பக்கத்தில் ஸ்கிரீன்ஷொட்டோடு எழுதுவார். பேஸ்புக்கில் மறைத்தால் எழுதினவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். வன்னியில் அந்த நண்பர்கள்தான் கடையின் மற்ற வாடிக்கையாளர்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் பதில் எழுத வேண்டும்: நடந்ததற்கு வருத்தம், பில் இலக்கத்தை இன்பொக்ஸில் தாங்கோ, மாற்றித் தருகிறோம். வாக்குவாதம் எதுவானாலும் உள்ளே. தீர்ந்த பிறகு அதே கொமென்டுக்குத் திரும்பி வந்து, ‘மாற்றிக் கொடுத்திருக்கிறோம்’ என்று எழுத வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நம்புவது அந்த வரியை வைத்து. அழிக்கத் தக்கவை தூஷணமும், யாருடையதாவது போன் இலக்கமும்தான்.

எழுத்து விஷயமும் இருக்கிறது. நம் ஊர் அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. அதில் அடித்ததை அப்படியே பேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடில் அடிக்கப் பழகட்டும், அப்போதுதான் தேடுகிறவர்களுக்கும் கிடைக்கும். சென்னைக் கடைகளின் வாசகத்தைக் கொப்பி அடித்து ‘ஆடித் தள்ளுபடி’ போடுகிறவர்களும் உண்டு, பரந்தனில் அதை யார் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? வவுனியாக் கடை என்றால் சிங்களத்திலும் இரண்டு வரி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்புக் கூட.

எப்போது போடுவது என்பதற்கு வகுப்புகளில் சொல்லித் தருகிற அட்டவணை இங்கே சரிவராது. காலபோக நெல் அறுவடைக் காசு தை பிற்பகுதி தொடங்கிப் பங்குனி வரை புழங்கும். நகை, தளபாடம், மோட்டார் சைக்கிள் விற்கிறவர்களுக்கு அதுதான் காலம். உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை அதுவரை காத்திருக்கக் கூடாது. அது உழவுக்கு முன்னரே, புரட்டாதியில் போட வேண்டும். சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவான பிறகுதான் கமக்காரர் செலவழிக்கத் தொடங்குவார். அந்த முடிவு தெரியாமல் உரம், விதை, தெளிகருவி என்று காசு கட்டிப் போஸ்டை பூஸ்ட் பண்ணுவது காசை ஆற்றில் போடுவது. அரச ஊழியர்களை நம்பியிருக்கிற கடை சம்பளத் திகதிக்கு இரண்டு நாள் முன்னால் போடலாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் இன்னொரு கூட்டம். தருமபுரத்தில் இருக்கிற தாய்க்குக் கேக் அனுப்பச் சொல்வது ரொறன்ரோவில் இருக்கிற மகன். இங்கே இரவு 7.30 என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை 10 மணி, லண்டனில் பிற்பகல் 3, பாரிஸில் 4. குளிர்காலத்தில் அங்கே ஒரு மணித்தியாலம் குறையும். ஆகவே இரவு 7.30 முதல் 9.30 வரை பதில் சொல்ல ஆள் இருக்கிற கடைக்குத்தான் அந்த ஓடர்கள் போகும். கேட்டு எழுத வேண்டியவை: வாங்குகிறவர் பெயர், போன், லொக்கேஷன், பக்கத்தில் என்ன கோயில் அல்லது பள்ளிக்கூடம், திடீர்ப் பரிசா இல்லையா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் தாய்க்கு முதலே போன் எடுத்து வழி கேட்டால் மகனின் ஆசை கெட்டுப்போகும், அந்த ஆள் திரும்ப வரமாட்டார். கொடுத்த பிறகு ஒரு படம் எடுத்து மகனுக்கு அனுப்பலாம். அதைப் பேஜில் போடுவதற்கு இருவரிடமும் கேட்க வேண்டும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்றே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பிறர் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைக் கேட்காமல் விளம்பரமாக்குவது சரியில்லை.

வன்னியில் வேலை செய்கிறவருக்கு எந்த வகுப்பும் சொல்லித் தராத ஒன்று: மே 18, நவம்பர் 27 ஆகிய நினைவு நாட்களை ஒட்டி ஆட்டம் பாட்டத்தோடு கழிவு விற்பனை ரீல் போட்ட கடையை ஊர் மறக்காது. போஸ்டுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கும் வசதியில்தான் இந்த ஆபத்து இருக்கிறது. பத்து நாளுக்கு முன்னர் வைத்தது தன்பாட்டில் போய்விடும். வெள்ளம் வந்தாலும் ஊரில் துயரம் நடந்தாலும் முதல் வேலை, குறித்து வைத்ததை நிறுத்துவது.

‘லைக் பண்ணி, ஷெயார் பண்ணி, ஐந்து பேரை டக் பண்ணினால் பரிசு’ என்று மகள் போடப் போனால் தடுங்கள். தன் டைம்லைனில் ஷெயார் பண்ணினால்தான், நண்பரை டக் பண்ணினால்தான் போட்டியில் சேரலாம் என்று வைப்பது பேஸ்புக்கின் விதிக்கே மாறானது. இப்படி லைக் பிச்சை கேட்கிற போஸ்டுகளைக் குறைவான ஆட்களுக்குக் காட்டுவோம் என்று 2017 டிசம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. காசுக்கு லைக் வாங்குவதும் வீண்தான், அந்தக் கணக்குகள் முல்லைத்தீவுக் கருவாட்டை ஒருநாளும் வாங்கப் போவதில்லை. கடைக்கு உண்மையில் விடை தேவைப்படுகிற கேள்வியைக் கேட்கலாம்: ‘அடுத்த லொட்டில் எந்த நிறம் எடுக்கட்டும், இதுவா அதுவா?’ பதில் சொன்னவர்களைக் குறித்து வைத்து, சாமான் வந்ததும் அவர்களுக்கு முதலில் சொன்னால் அதில் பலர் வாங்குவார்கள்.

இனி உங்களுக்கு நித்திரை வராத விஷயம். பெண் பிள்ளை, இரவில் முன்பின் தெரியாதவர்களோடு எழுதுவது. அவள் தன் சொந்த இலக்கத்தையோ சொந்தப் பேஸ்புக் கணக்கையோ வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாது. கடையின் சிம், கடையின் பெயர் மட்டும். பதிலின் கீழ் தன் பெயரை எழுதத் தேவையில்லை. இரவு 9.30க்குப் பிறகு தானாகப் போகிற செய்தி போதும். பிழையாக எழுதுகிறவனுக்கு விளக்கம் சொல்லாமல், ஸ்கிரீன்ஷொட் எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டுப் புளொக் பண்ண வேண்டும். இதற்குச் சம்மதிக்காத முதலாளியிடம் வேலை வேண்டாம்.

பேஜ் முதலாளியின் கணக்கில் முழு அதிகாரத்தோடு இருக்க வேண்டும், மகளுக்கு வேலைக்குத் தேவையான அளவு அனுமதி. ஒரே பாஸ்வேர்டை இரண்டு பேர் வைத்திருப்பது பிறகு சண்டைக்கு வழி. இரண்டு பேரும் இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) போட வேண்டும். ‘உங்கள் பேஜ் பதிப்புரிமையை மீறியுள்ளது, 24 மணித்தியாலத்தில் நீக்கப்படும், இங்கே அழுத்துங்கள்’ என்று இன்பொக்ஸில் வருவது ஏமாற்று. பயந்து அழுத்தினவர்களின் பேஜ் போயிருக்கிறது. விளம்பரக் காசு முதலாளியின் கார்ட்டில் இருந்து போகட்டும், உங்கள் வீட்டுக் கார்ட்டில் இருந்து ஒருபோதும் வேண்டாம். அந்தக் காசும் மகளின் கூலியும் வேறு வேறு என்று முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும். வங்கிச் சீட்டின் படத்தை நம்பிப் பார்சல் அனுப்பக் கூடாது. படத்தை யாரும் மாற்றலாம். கணக்கில் காசு விழுந்ததைக் கண்ட பிறகே பஸ்ஸில் ஏற்ற வேண்டும். ஏற்றினதும் பஸ் இலக்கம், நடத்துநரின் போன், வந்து சேரும் நேரம் மூன்றையும் வாங்குகிறவருக்கு அனுப்ப வேண்டும்.

மூன்று மாதத்துக்கு எந்தக் கடை? உறவினர் கடை வேண்டாம், பிழையைச் சொல்ல மாட்டார்கள். நாளும் கேள்வி வருகிற உடுப்புக் கடையோ பேக்கரியோ நல்லது. ஒரு கொப்பி போதும்: திகதி, என்ன கேட்டார்கள், கேட்ட நேரம், பதில் போன நேரம், வாங்கினாரா, வாங்காவிட்டால் ஏன். முதல் மாதம் புதுப் போஸ்ட் குறைவாக, பதில் மட்டும். மாத முடிவில் ‘ஏன்’ என்ற நிரலைப் பார்த்தால் கடையின் குறை தெரியும். அனுப்பும் செலவு கூட என்று பலர் போயிருந்தால் ரீல் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது, முதலாளியோடு பேச வேண்டும். இரண்டாம் மாதத்தில் கிழமைக்கு மூன்று போஸ்ட், அதில் ஒன்று 30 செக்கனுக்குள் நிமிர்ந்த வீடியோ: துணியைக் கசக்கிக் காட்டுவது, கேக்கை வெட்டிக் காட்டுவது. மூன்றாம் மாதம் சிறு தொகைக்கு ஒரு விளம்பரம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கு மட்டும். நாடு முழுக்க விட்டால் காசு கொழும்பில் கரையும். ஒரு கடைக்கு நாளுக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். ஆகவே ஒருத்தி நாலு கடைக்கு மேல் பார்க்க முடியாது. அவளுடைய வருமானத்தின் எல்லையும் அதுதான், அதற்கு மேல் போக ஆள் வைக்க வேண்டும் அல்லது நிறுவனத்தில் சேர வேண்டும்.

கேள்விகள் பதிலில்லாமல் கிடக்க அவள் வீடியோ வெட்டுவதிலேயே இருந்தால், அவளுக்குப் பிடித்தது வடிவமைப்பு. அதற்கு வேறு பாதை. பதில் சொல்வதில் ஆர்வம் இருந்தால் அப்போது படிப்பைப் பற்றி யோசிக்கலாம். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் புளூபிரின்ட் பாடங்கள் இலவசம், ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் கொழும்பு வகுப்புக்கு வைத்த காசில் ஒரு பங்கை ஆங்கில வகுப்புக்குக் கொடுப்பது மேல். எந்த நிறுவனம் என்றாலும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா, எந்தத் தேசிய தொழில் தகைமை மட்டம் கிடைக்கும், உண்மையான பேஜ் ஒன்றை நடத்த விடுவார்களா என்று கேளுங்கள். ‘வேலை உறுதி’ என்று மட்டும் சொன்னால் வந்துவிடுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கலாம். பரீட்சையை இன்னொரு தடவை எழுதும் எண்ணம் இருந்தால், வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வணிகக் கற்கைகள் பீடத்தை மனதில் வைக்கலாம்.

நேர்முகத்துக்குப் போகும்போது லைக் எண்ணிக்கையின் ஸ்கிரீன்ஷொட்டைக் கொண்டுபோக வேண்டாம். அந்தக் கொப்பியில், மாதம் எத்தனை பேர் கேட்டார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள், முதல் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, வாடிக்கையாளர் பெயர்களை மறைத்து, முதலாளியின் கையொப்பத்தோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.