பீடியை விடப் பார்க்கிறவர்களுக்கு: வைத்தியரின் கேள்வி-பதில்

கேள்வி: பீடி இலையில் சுற்றியதுதானே, சிகரட் அளவுக்குக் கேடில்லையே? (மல்லாவி)

பதில்: உள்ளே இருப்பது புகையிலைதானே. பீடி லேசில் அணைந்துவிடும். அணையவிடாமல் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் காபன் மொனொக்சைட்டும் தாராளமாக உள்ளே போகும்.

கேள்வி: விட்டு மூன்றாம் நாள். தலையிடி, பிள்ளைகளோடு எரிந்து விழுகிறேன், நித்திரையும் இல்லை. இரவில் வயலில் யானைக்காவல் வேறு. (ஒட்டுசுட்டான்)

பதில்: தம்பி, இருப்பதிலேயே மோசமான நாளில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம்; பிறகு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் படிப்படியாகத் தணியும். நிக்கொட்டின் சில செக்கன்களில் மூளைக்குப் போகும், இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் பாதியாகும். உடனே மூளை அடுத்ததைக் கேட்கும். பீடி பத்தினால் பதற்றம் போகிறது என்பீர்கள். அந்தப் பதற்றத்தைத் தந்ததே முந்தின பீடிதான்!

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. புகையை நிறுத்தினால் தேயிலையில் உள்ள கஃபீன் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். வழமைபோல பிளேன்ரி குடித்தால் கை நடுங்கும், நித்திரை வராது. அதையும் பீடி ஆசை என்று நினைப்பீர்கள். தேத்தண்ணியைப் பாதியாக்குங்கள்.

காவலுக்கு முதல் சில இரவுகள் பீடி பத்தாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆசை பொங்கினால் ஐந்து, பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை ரோச்சை எடுத்துக்கொண்டு வரம்பில் ஒரு சுற்று நடவுங்கள், கச்சான் கொறியுங்கள். யானைக்குத் தீ மூட்ட நெருப்புப்பெட்டி வேண்டும், சரி. பீடிக்கட்டு வீட்டிலேயே கிடக்கட்டும்.

கேள்வி: சிகரட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடலாமா? (முள்ளியவளை)

பதில்: வேண்டாம். அதே நிக்கொட்டின்தான், வாய்ப்புற்றுநோயும் வரும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும்.

கேள்வி: விட்டிருந்த என் கணவர் ஒரு செத்தவீட்டில் மறுபடி பத்திவிட்டார். (பரந்தன்)

பதில்: சொல்லிக்காட்டாதீர்கள், தங்கச்சி. பெரும்பாலானோர் பல தடவை முயன்றுதான் விடுகிறார்கள். அடுத்த செத்தவீட்டுக்கு முன்பே, யாராவது நீட்டினால் என்ன சொல்வது என்று இருவரும் பேசி வையுங்கள். சாராயம் இருக்கும் பக்கம் அவர் போகாமலிருந்தால் நல்லது. நிக்கொட்டின் சுவிங்கம் வைத்தியரிடம் கேட்டு எடுக்கலாம். மெதுவாக மென்று, காரம் வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். விடாமல் மென்று விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிவும்தான் மிச்சம். 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

கேள்வி: விட்ட பிறகுதான் இருமல் கூடியிருக்கிறது! (மாங்குளம்)

பதில்: புகையால் முடங்கிய சுவாசக்குழாய் நுண்மயிர்கள் மறுபடி வேலைசெய்து சளியைத் தள்ளுகின்றன. சில கிழமைகளில் குறையும். சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சல், உடம்பு மெலிவு இருந்தால் காத்திருக்காமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.