தோல் இளகாமல் முளை வராது

கேள்வி: ஆண்டுதோறும் அடியிலிருந்து துளிர்த்துப் பெரிய பூ விடுகிற சதுப்புநிலச் செம்பருத்தியின் விதையை விதைத்தேன். மூன்று வாரமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழசா?

பதில்: பெரும்பாலும் விதைமேல் குற்றமிருக்காது. ஹைபிஸ்கஸ் மாஸ்கியூட்டோஸ் (Hibiscus moscheutos) எனப்படும் இந்தச் செம்பருத்தி விதையின் கெட்டித் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே விதைத்தால் தோல் இளகும்வரை மண்ணில் சும்மா கிடக்கும்.

விதையில் சின்ன வடு ஒன்று தெரியும். முளை வரும் பக்கம் அது. அதற்கு எதிர்ப்புறத்தில் நகவெட்டியால் குண்டூசித் தலையளவு கிள்ளுங்கள். உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஆழமாக வெட்டினால் பருப்பு காயப்பட்டு அழுகும். நிறைய விதை இருந்தால் இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே வைத்து உருட்டித் தேய்க்கலாம். கொதிநீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் சில விதைகள் வெந்துபோகும் என்பதால் கிள்ளுவதே நல்லது.

பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறட்டும். காலையில் உப்பியவற்றை உடனே விதையுங்கள். உப்பாததை மறுபடி கிள்ளி ஊறப் போடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீரில் விடாதீர்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைப்பாறைத் துகள்) கலவையில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். கலவையின் சூடு 24–27 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும்.

கேள்வி: முளைத்த நாற்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்கின்றன. சதுப்பில் வளரும் செடிக்குத் தண்ணீர் எப்படி அதிகமாகும்?

பதில்: வளர்ந்த செடிதான் ஈரத்தில் நிற்கும், குருத்து நிற்காது. இது பூஞ்சையால் வரும் நாற்றழுகல். முளை தெரிந்ததுமே தட்டின் மூடியை எடுத்துவிடுங்கள். கீழ்த்தட்டில் நீர் வைத்து, கலவை உறிஞ்சியதும் மீதியைக் கொட்டிவிடுங்கள். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. முதலில் வரும் விதையிலைகளுக்குப் பின் மூன்று நான்கு நிஜ இலை வந்ததும் வேர்மண் கலையாமல் மாற்றி நடலாம்.

கேள்வி: பனிக்காலத்தில் தண்டு முழுக்கக் காய்ந்துவிட்டது. தோண்டி எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மேலே காய்ந்து அடியில் உயிர் வைத்திருப்பது இதன் சுபாவம். தண்டை 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள், இடம் மறக்காது. மண் நன்றாகச் சூடேறிய பிறகுதான் துளிர்க்கும். பக்கத்துச் செடிகளெல்லாம் இலை விட்டபின்னும் இது தூங்கும். அவசரப்பட்டுத் தோண்டித்தான் பலர் இழக்கிறார்கள்.

கேள்வி: அடர்சிவப்புச் செடியில் எடுத்த விதை வெளிறிய ரோஸ் நிறத்தில் பூக்கிறதே?

பதில்: தாய்ச்செடி கலப்பினமாக இருந்திருக்கும். அதன் விதையில் நிறத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அதே சிவப்பு வேண்டுமென்றால் இளந்தண்டை வெட்டி வேர்பிடிக்க வையுங்கள்.